வாலிபர் தொண்டும் வீண் புகழ்ச்சியும்

கொள்ளைநோய் வந்தது, உயிர்களை வாரிக்கொண்டது, அடங்கிவிட்டது. 2020ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11ந் தேதி கொரோனாவை உலகக் கொள்ளைநோய் என்று பேர் சொல்லி அழைத்த உலக சுகாதார ஸ்தாபனத்தார், 2023ஆம் வருஷம் மே மாதம் 5ந் தேதி அதன் அவசர நிலைமை தீர்ந்துவிட்டது என்றும் அறிவித்தார்கள். முதலிரண்டு வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் வழக்கமான சாவுக் கணக்குக்கு மேல் 1 கோடியே 49 லட்சம் பேர் மாண்டார்கள் என்று அந்த ஸ்தாபனமே 2022ல் கணக்குப் போட்டுக் காட்டிற்று. இத்தனை பெரிய அழிவிலே நமது தேசத்து வாலிபர்களும் பெண்களும் செய்த தொண்டு கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பற்றி அன்று மேடைதோறும் பேசினார்கள், பத்திரிகைதோறும் எழுதினார்கள், மாலை போட்டார்கள், சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள்.

நாமும் அந்தப் புகழ்ச்சியோடு இன்னொரு புகழ்ச்சியைச் சேர்ப்பதற்காக இதை எழுத வரவில்லை. அந்தத் தொண்டுக்கு என்ன பேர் கொடுப்பது என்பதே நமது கேள்வி. அது தர்மமா? புண்ணியமா? தியாகமா? அல்லது ஒரு சமுதாயத்தில் பிறந்த மனிதன் மற்ற மனிதனுக்குச் செய்யவேண்டிய சாதாரணக் கடமையா? பேரிலே என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பேரிலேதான் எல்லாம் இருக்கிறது என்கிறோம். தர்மம் என்று சொன்னால் செய்தவனுக்கு மோட்சமும், பெற்றவனுக்கு நன்றிக் கடனும் மிஞ்சுமே ஒழிய, அடுத்த கொள்ளைநோய்க்கு ஒரு ஏற்பாடும் மிஞ்சாது. கடமை என்று சொன்னாலோ, அதற்குப் பயிற்சி வேண்டும், கருவி வேண்டும், பாதுகாப்பு வேண்டும், கணக்கு வேண்டும், யார் செய்யத் தவறினார்கள் என்று கேட்கும் உரிமையும் வேண்டும். இந்த வித்தியாசத்தை ஜனங்கள் உணரவேண்டும் என்பதே நமது ஆசை.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2020 மார்ச்சு 24ந் தேதி இரவு 8 மணிக்கு ஒரு பிரசங்கம். அன்று நடுநிசியிலிருந்து தேசம் முழுவதும் 21 நாளைக்கு ஊரடங்கு. நான்கு மணி நேரத்தில் நூற்றுமுப்பது கோடி ஜனங்கள் தங்கள் பிழைப்பையும் போக்குவரத்தையும் முடித்துக்கொள்ள வேண்டுமென்று உத்தரவாயிற்று. மாதச் சம்பளக்காரன் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருந்தான். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கிறவன் என்ன செய்வான்? அந்நிய மாகாணத்தில் கட்டட வேலைக்குப் போனவன் எந்தக் கதவைச் சாத்திக்கொள்வான்? அவர்கள் பெண்டு பிள்ளைகளோடு நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தார்கள். மே மாதம் 8ந் தேதி மராட்டிய தேசத்தில் ஔரங்காபாத்துக்கு அருகில், நடந்த களைப்பில் இருப்புப் பாதையிலேயே படுத்துறங்கிய 16 தொழிலாளிகள் மீது சரக்கு ரயில் ஏறிற்று.

அந்த நாட்களில் சோற்றுப் பொட்டலத்தோடும் தண்ணீர்க் குடத்தோடும் ரஸ்தாவில் நின்றவர்கள் யார்? மடாதிபதிகளா? ஜமீன்தார்களா? பெரும்பாலும் காலேஜ் மாணாக்கர்களும், வேலையில்லாத வாலிபர்களும், அந்தந்தத் தெருப் பெண்களுமேயாவார்கள். இது எல்லா ஊரிலும் எல்லோரும் கண்ணால் கண்டதேயாகும்.

ஆனால் தனித்தனியாக நின்று சோறு போடுவது வேறு. கணக்குப் போட்டுச் செய்வது வேறு. இதற்குப் பக்கத்து மலையாள தேசத்தையே உதாரணமாகக் காட்டலாம். 2018ல் கேரளத்தில் வந்த பெருவெள்ளத்தில் மீனவர்களும் வாலிபர்களும் படகோடு திரண்டு வந்து ஆயிரக்கணக்கான உயிர்களை மீட்டார்கள். அதிலிருந்து அந்த நாட்டார் ஒரு பாடம் படித்தார்கள். ஊரடங்கு வந்த இரண்டொரு நாளிலேயே, 22 வயது முதல் 40 வயதுக்குட்பட்ட தொண்டர்களைக் கொண்ட ஒரு சேனைக்கு அந்த சர்க்கார் ஆள் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள்? ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் 200 பேர், நகராட்சிக்கு 500 பேர், மாநகராட்சிக்கு 750 பேர். அங்கே பஞ்சாயத்துகள் 941, நகராட்சிகள் 87, மாநகராட்சிகள் 6. பெருக்கிக் கூட்டினால் 2,36,200 பேர். இவர்கள் இன்ன ஊருக்கு இன்னார் என்று பதிவாகி, தனிமையிலிருப்போர் வீட்டுக்கு மருந்தும் சாமானும் கொண்டுபோய்க் கொடுக்கவும், துணையில்லாத கிழவர் கிழவிகளை விசாரிக்கவும் ஏற்பாடாயிற்று. குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் ஸ்தாபனத்தாரும் பஞ்சாயத்துக்களும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுச் சமையற்கூடங்களைச் சில நாட்களில் திறந்தார்கள். இதிலே மோட்சத்துக்கு வழி ஒன்றும் சொல்லப்படவில்லை. ஊருக்கு எத்தனை ஆள், எத்தனை சாப்பாடு என்ற கணக்குத்தான் சொல்லப்பட்டது. சோறு வீடு போய்ச் சேர்ந்தது.

இது நிற்க, மற்றொரு பக்கத்தைக் கவனிப்போம். அதே வருஷம் மார்ச்சு 22ந் தேதி மாலை 5 மணிக்குக் கைதட்டி, தட்டுத் தட்டி ஓசை எழுப்பச் சொன்னார்கள். ஏப்ரல் 5ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றச் சொன்னார்கள். மே மாதம் 3ந் தேதி ஆகாயத்திலிருந்து ஆஸ்பத்திரிகளின் மேல் பூமாரி பொழிந்தார்கள். 2021 மே மாதத்தில், இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரி வாசல்களில் ஜனங்கள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, கோயமுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு மடத்தார் "கொரோனா தேவி" என்று கல்லிலே சிலை செய்து பூசை போட்டார்கள். பிளேக்குக்கு ஒரு மாரியம்மன் இருந்தது போதாதென்று கொரோனாவுக்கும் ஒரு அம்மன் வேண்டியிருந்தது போலும்! அந்த அம்மனிடம் அந்தக் கிருமியைப் பற்றிக் கேட்டு ஒருவரும் ஒரு விவரமும் தெரிந்துகொள்ளவில்லை. கிருமி மூச்சு வழியாய்ப் பரவுகிறது, முகக்கவசம் போடு, சன்னலைத் திற, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, தடுப்பூசி போட்டுக்கொள் என்று சொன்னது விஞ்ஞானம். அதைத் தெருத்தெருவாய்க் கொண்டுபோனவர்கள் வாலிபர்கள்.

சென்னைப் பட்டணத்தில் வீடு வீடாய்ப் போய்க் காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்டு எழுதினவர்கள் ஆயிரக்கணக்கான களப்பணியாளர்கள். விரலிலே மாட்டி ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறதென்று காட்டும் சிறு கருவியைப் பார்க்கக் கற்றுக்கொண்டு, எண் இறங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னவர்களால் எத்தனை உயிர் தப்பிற்று! 2021 மே முதல் தேதியிலிருந்து 18 வயதானவர்களுக்கெல்லாம் தடுப்பூசி என்று சொன்னபோது, இணையத்தில் பெயர் பதிய வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. கைபேசியே கையாளத் தெரியாத குடியானவனும் கூலிக்காரியும் என்ன செய்வார்கள்? ஊர்ப் பையன்களும் பெண்களும்தான் தங்கள் கைபேசியில் அவர்களுக்காகப் பதிந்து கொடுத்தார்கள். அதே வருஷம் ஏப்ரல் மாதத்தில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் காலமானார். ஊசியால்தான் செத்தார் என்று ஊரெல்லாம் வதந்தி. சர்க்கார் நிபுணர் குழு ஆராய்ந்து ஊசி காரணமல்லவென்று பிறகு சொல்லிற்று. ஆனால் வதந்திக்கு ரயில் வேகம், உண்மைக்கு மாட்டு வண்டி வேகம். அந்த இடைவெளியில் தாயிடமும் தகப்பனிடமும் மன்றாடி ஊசி போடவைத்தவர்கள் யாரென்றால், படித்த பிள்ளைகளே.

இந்தத் தொண்டில் எல்லாவற்றிலும் பெரியதென்று நாம் எண்ணுவது பிணத்தைத் தொட்ட தொண்டாகும். 2020 ஏப்ரல் 19ந் தேதி சென்னையில் டாக்டர் சைமன் என்னும் நரம்பு வைத்தியர் கொரோனாவால் இறந்தார். அவர் சடலத்தை அடக்கம் செய்யப் போன வண்டியைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டியது ஒரு கூட்டம். வண்டியோட்டிகளுக்கு மண்டை உடைந்தது. கடைசியில் அவரோடு வேலை பார்த்த இன்னொரு டாக்டர், ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் இரண்டொருவரை வைத்துக்கொண்டு, தாமே வண்டியோட்டிப் போய், நடுராத்திரியில் மண்வெட்டி பிடித்துத் தம் தோழரைப் புதைத்தார். உயிர் காப்பாற்றினவனுக்கே ஆறடி மண் மறுக்கப்பட்டது! அந்த மாதமே, அடக்கத்தைத் தடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. சட்டம் வந்து பயமுறுத்த வேண்டிய அளவுக்கு நமது மனிதத்தன்மை இருந்தது.

ஆனால் அதே தமிழ்நாட்டில்தான் மற்றொன்றும் நடந்தது. பெற்ற பிள்ளையும் கூடப்பிறந்தவனும் கிட்டே வரப் பயந்த சடலங்களை, கவச உடை மாட்டிக்கொண்டு தூக்கினவர்களில் முஸ்லிம் முன்னேற்றக் கழகம் முதலான ஸ்தாபனங்களைச் சேர்ந்த வாலிபர்கள் முன்னணியில் நின்றார்கள். செத்தவன் இந்துவா, கிறிஸ்தவனா, முஸ்லிமா என்று பாராமல், அந்தந்தக் குடும்பத்தார் விரும்பிய முறைப்படி எரித்தும் புதைத்தும் வந்தார்கள். இதற்குச் சிறிது காலத்திற்கு முன்புதான், டில்லியில் நடந்த ஒரு மத மகாநாட்டைச் சாக்காக வைத்து, நோயைப் பரப்புகிறவர்கள் இந்தச் சமூகத்தாரே என்று தேசமெங்கும் துவேஷப் பிரசாரம் செய்தார்கள் என்பதையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைக்க வேண்டும். துவேஷம் பேசினவன் வீட்டுப் பிணத்தையும் அந்தப் பையன்களே தூக்கியிருப்பார்கள்!

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லாமல் விடக்கூடாது. கொரோனா காலத்தில் ஒருவரை ஒருவர் தொடாமல் விலகியிருக்கச் சொன்னார்கள். அதைச் "சமூக விலகல்" என்று சிலர் மொழிபெயர்த்தார்கள். சமூகத்தை விலக்கி வைப்பதில் நமது தேசத்தாருக்குப் புதிதாய்ப் பாடம் சொல்லவும் வேண்டுமா? "தனிமனித இடைவெளி" என்று சொல்லுங்கள் என்று அறிவுள்ளவர்கள் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் வெறும் வார்த்தை விஷயமல்ல. கிருமிக்காக விலகுவதற்கு ஒரு காரணம் உண்டு, ஒரு அளவு உண்டு, ஒரு முடிவு உண்டு. இரண்டு மூன்று கஜம் தூரம், இரண்டு வாரம், அவ்வளவே. பிறகு கட்டித் தழுவிக் கொள்ளலாம். பிறவிக்காக விலகுவதற்குக் காரணமும் இல்லை, அளவும் இல்லை, முடிவும் இல்லை. கிருமி ஜாதி பார்க்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சரி, பிணத்தைத் தூக்கின கையும், சாக்கடையையும் ஆஸ்பத்திரிக் கழிவையும் வாரின கையும், அந்தப் பஞ்ச காலம் தீர்ந்த பிறகு டீக்கடையிலும் குளத்திலும் சமமாக நடத்தப்பட்டனவா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் பிறகு மாலை போட வரட்டும்.

இரண்டாவது அலையில் நடந்த இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் வடநாட்டில் பிராணவாயு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகள் மாண்டார்கள். எந்த ஊரில் படுக்கை காலி, எந்தக் கடையில் பிராணவாயு உருளை உண்டு என்று ராத்திரி பகலாய் டெலிபோன் போட்டு விசாரித்து, உண்மைதானா என்று சரிபார்த்து, இணையத்தில் பட்டியல் வெளியிட்டவர்கள் மாணாக்கர்கள். பம்பாயில் ஒரு வாலிபர் தம் மோட்டார் காரையே விற்று உருளைகள் வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்தார். இந்த வேலையைச் செய்வதற்குத்தான் மந்திரிகளும் இலாகாக்களும் இருக்கிறார்கள் என்று நாம் வரி கொடுக்கிறோம். அவர்கள் செய்தது என்ன? உத்தரப் பிரதேசத்தில் அமேதியில், தன் பாட்டனாருக்குப் பிராணவாயு வேண்டுமென்று இணையத்தில் எழுதிக் கேட்ட ஒரு வாலிபர் மீது போலீசார் வழக்குப் பதிந்தார்கள். உதவி கேட்பவர்களை அடக்கினால் அது கோர்ட்டை அவமதித்த குற்றமாகுமென்று ஏப்ரல் 30ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் கண்டிக்க வேண்டியதாயிற்று. ஆகவே, தொண்டு செய்தால் புகழ்வார்கள். தொண்டு ஏன் தேவைப்பட்டது என்று கேட்டாலோ கேஸ் போடுவார்கள் என்பது விளங்குகிறதல்லவா?

இதைவிடத் துக்கமான உதாரணம் ஒன்றுண்டு. 2020 மே மாதத்தில், காலில் அடிபட்ட தகப்பனைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, டில்லிக்குப் பக்கத்திலிருந்து பீகாரில் உள்ள தன் கிராமத்துக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்துப் போனாள் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி. உடனே தேசமெல்லாம் கொண்டாட்டம்! சைக்கிள் பந்தயத்துக்கு வா என்றார்கள், வீரச் சிறுமி என்றார்கள், பரிசு கொடுத்தார்கள். அந்தக் குழந்தையின் துணிவு மெய்யானதுதான். ஆனால் அது பந்தயமா? ரயிலும் பஸ்ஸும் நிறுத்தப்பட்டு, கூலியும் நின்று, வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் விரட்டப்பட்ட ஒரு ஏழை வீட்டுப் பிள்ளையின் அவதியல்லவா அது? வெட்கப்பட வேண்டியவர்கள் கைதட்டினால், வெட்கம் மறைந்துபோகிறது. புகழ்ச்சிக்கு இப்படியொரு சாமர்த்தியம் உண்டு.

கிராமங்களில் வீடு வீடாய்ப் போய் நோய் விசாரித்த ஆஷா ஊழியர்கள் என்னும் பெண்களின் கதையும் இதுவே. மே மாதத்தில் ஆஸ்பத்திரிகளின் மேல் பூப்பொழிந்தார்கள்; ஆகஸ்டு மாதத்தில் அந்தப் பெண்கள் லட்சக்கணக்கில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டி வந்தது. எதற்கு? நியாயமான சம்பளம் கொடுங்கள், முகக்கவசமும் கையுறையும் கொடுங்கள் என்று கேட்பதற்கு! தொண்டர் என்று பேர் வைத்துக் கூலியைக் குறைப்பது, தெய்வத்தின் பேரைச் சொல்லி உண்டியலை நிரப்புவதற்கு எந்த விதத்தில் குறைந்தது என்று கேட்கின்றோம்.

கல்வி விஷயத்தில் நமது நாட்டில் நடந்த ஒன்று நல்ல பாடமாகும். 2020 மார்ச்சில் சாத்திய பள்ளிக்கூடங்கள் சின்னக் குழந்தைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல்! பணக்கார வீட்டுப் பிள்ளை கைபேசியில் படித்தது. கூலிக்காரன் பிள்ளை படித்ததையும் மறந்தது. 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" என்று தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கின ஏற்பாட்டில், அந்தந்த ஊர்த் தொண்டர்களே மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரையில் திண்ணையிலும் மரத்தடியிலும் சாவடியிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தத் தொண்டர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்; பன்னிரண்டாம் வகுப்போ பட்டப்படிப்போ முடித்துவிட்டு, வீட்டுக்குள் இருந்தவர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. கிராமத்துக் குழந்தைகள் சுமார் 19,000 பேரைப் பரீட்சை செய்து பார்த்த பொருளாதார நிபுணர்கள், பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்றும், அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்பால் வந்தது என்றும் கண்டார்கள். அடுப்படிக்கே பிறந்தவள் என்று யாரைச் சொன்னார்களோ அவள் ஒரு தலைமுறையின் படிப்பை மீட்டாள். இதற்கு ஆயிரம் ரூபாய் போதுமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ஏற்பாடும், பயிற்சியும், கணக்கும், கொஞ்சமாவது ஊதியமும் சேர்ந்தால் தொண்டு எவ்வளவு பலன் கொடுக்கும் என்பதற்கு இதைவிட ருசு வேண்டியதில்லை.

இது இன்று நேற்று ஏற்பட்ட வழியுமல்ல. 1897ல் பூனா நகரத்தில் பிளேக் பரவியபோது, பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் பள்ளிக்கூடம் நடத்தியவரான சாவித்திரிபாய் பூலே அம்மையார், டாக்டரான தம் வளர்ப்பு மகனைக் கொண்டு ஊருக்கு வெளியே ஒரு வைத்திய விடுதி ஏற்படுத்தி, நோயாளிகளைத் தாமே கொண்டுவந்து சேர்த்தார். தீண்டப்படாதார் என்று சொல்லப்பட்ட வகுப்புச் சிறுவன் ஒருவனைத் தூக்கி வந்ததில் அவருக்கே நோய் தொற்றி, மார்ச்சு மாதம் 10ந் தேதி காலமானார். அவர் யாகம் செய்யவில்லை. வைத்தியரை அழைத்தார், இடம் ஏற்படுத்தினார், ஜாதி பாராமல் தூக்கினார். தொண்டுக்கு வேண்டிய மூன்றும் அதிலேயே இருக்கின்றன.

எனவே இப்போது செய்ய வேண்டியது என்ன? மத்திய சர்க்கார் "ஆப்த மித்ரா" என்ற பேரால் 350 ஜில்லாக்களில் ஒரு லட்சம் பேருக்குப் பேரிடர்ப் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டார்கள். நல்லதே. ஆனால் ஆறு லட்சத்துக்கு மேல் கிராமங்கள் உள்ள தேசத்தில் அது ஆறு கிராமத்துக்கு ஒரு ஆள் கணக்காகிறது. ஆறு ஊருக்கு ஒரு ஆள் எந்தத் தீயை அணைப்பான்? எந்தப் பிணத்தைத் தூக்குவான்? கொள்ளைநோய் அடங்கிய பிறகும், 2023 டிசம்பரில் சென்னையும், அதே மாதத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் மிதந்தபோது மறுபடியும் பையன்கள்தான் கழுத்தளவுத் தண்ணீரில் பால் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்தே துவங்குவது என்ன புத்தி?

ஊருக்கு இத்தனை பேர் என்று தொண்டர் ஜாபிதா ஒன்று பஞ்சாயத்திலே இருக்க வேண்டும். அவர்களுக்குக் காய்ச்சல் பார்க்கவும், மூச்சு அளக்கவும், முதலுதவி செய்யவும், வதந்தியைச் சோதித்து அறியவும் வருஷந்தோறும் பயிற்சி வேண்டும். ஆண்களுக்கு எத்தனை இடமோ அத்தனை இடம் பெண்களுக்கும் வேண்டும். சேரிக்கு ஒரு கூட்டம், ஊருக்கு ஒரு கூட்டம் என்றிராமல் ஒரே கூட்டமாக இருக்க வேண்டும். ஆபத்தான வேலைக்குக் கவச உடையும், இன்ஷூரன்சும், நாள்கணக்கில் வேலை வாங்கினால் நாள்கூலியும் கொடுத்தாக வேண்டும். இவ்வளவுக்கும் மேலாக, ஆஸ்பத்திரியில் படுக்கை ஏன் இல்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஏன் இல்லை என்று கிராம சபையில் எழுந்து கேட்கும் துணிவு தொண்டர்களுக்கு வேண்டும். கேள்வி கேட்காத தொண்டன் சர்க்காரின் ஓட்டையை அடைக்கும் களிமண்ணாவானே தவிர, ஊரை மாற்ற மாட்டான்.

பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை நாலு பேருக்கு உழைக்கப் போனால் உருப்படாதவன் என்று வையாதீர்கள். உங்கள் பெண் மாலையில் தெருக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் ஊர் என்ன பேசும் என்று தடுக்காதீர்கள். காய்ச்சலில் நீங்கள் படுத்துக்கிடந்தபோது ஊர் பேசவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் வந்தார்கள்.

வாலிபர்களே! உங்களைத் தெய்வம் என்று ஒருவன் கும்பிட வந்தால் ஜாக்கிரதையாயிருங்கள். தெய்வத்துக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை, பதில் சொல்லவும் வேண்டியதில்லை என்று அவனுக்குத் தெரியும். நீங்கள் மனிதர்கள், மனிதர்களுக்கு வேண்டியதைச் செய்தீர்கள். அதற்குரிய பயிற்சியையும் பாதுகாப்பையும் உரிமையோடு கேளுங்கள். அடுத்த ஆபத்து வருவதற்கு முன்பே, இந்த மாதமே, உங்கள் ஊரில் பத்துப் பேராவது கூடி ஒரு ஜாபிதா எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.